ஹிட்டாச்சி செயின் பராமரிப்பு: முதல் வண்டி எடுத்தவர்களுக்கு

எங்கள் பக்கம் செயினில் ஓடும் மண் அள்ளும் வண்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் பெயர் ஹிட்டாச்சிதான். டயரில் ஓடினால் ஜேசிபி. இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

நான் முதல் வண்டி எடுத்தபோது அது 7,400 மணி நேரம் ஓடிய 20 டன் வண்டி. என்ஜின் புகையைப் பார்த்தேன், பம்ப் சத்தம் கேட்டேன், பெரிய கையான பூமின் பின்னை ஆட்டிப் பார்த்தேன். கீழே குனிந்து செயினைப் பார்க்கவில்லை. செயின் லூஸாக இருந்தால் கழலும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாரம் தவறாமல் கிரீஸ் அடித்து இறுக்கிக்கொண்டே வந்தேன். 1,100 மணி நேரத்தில், செயின் கண்ணிகளை (லிங்க்) இணைக்கும் பின், அதைச் சுற்றியிருக்கும் புஷ், செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட் எல்லாம் போய்விட்டன. கழற்றிப் போட்ட செயினைப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: “வயசாகிச் செத்த செயின் இல்ல தம்பி இது, கழுத்த நெரிச்சுக் கொன்ன செயின்.”

செலவு மூன்று லட்சத்தைத் தாண்டியது. நீங்கள் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் கீழே குனிந்து எண்ணுங்கள்

முன்னால் இருக்கும் பெரிய சக்கரம் ஐட்லர். பின்னால் பல்லோடு இருப்பது ஸ்பிராக்கெட். வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டார் அதனோடு சேர்ந்திருக்கும். வண்டியின் எடையைச் சுமப்பவை கீழ் ரோலர்கள். மேலே செயின் தொங்காமல் தாங்குபவை மேல் ரோலர்கள். என் வண்டியில் ஒரு பக்கத்துக்குக் கீழ் ரோலர் 8, மேல் ரோலர் 2, தரையில் பதியும் பிளேட் 49. உங்கள் வண்டியில் எண்ணிக்கை மாறலாம். எண்ணி ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

வேலை மெனக்கெட்டு எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டிகளில் நடு ரோலர் ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு விற்பார்கள். மண் அப்பியிருக்கும்போது தெரியவே தெரியாது. கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். எண்ணெய்க் கசிவை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வண்டியின் மாடலுக்கும் சீரியல் நம்பருக்கும் உரிய மானுவல். இது இல்லாமல் செயினில் கை வைக்காதீர்கள். தொய்வின் அளவு, போல்ட்டின் இறுக்கம், எண்ணெயின் தரம் மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் அளவு அவருடைய வண்டிக்கு.

அடுத்தது இன்வாய்ஸ். இரும்புச் செயின் வண்டிக்கு டயர் வண்டி போலப் பொதுவாக ஆர்.சி. புத்தகம் இருக்காது. முதல் இன்வாய்ஸிலிருந்து உங்கள் பெயர் வரை வந்த விற்பனைக் காகிதங்கள், ஃபைனான்ஸ் முடிந்ததற்கான என்.ஓ.சி. இவைதான் உங்கள் ஆதாரம்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டிகளுக்கு எடுப்பது சி.பி.எம். (கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி) பாலிசி. அதில் தேய்மானம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்தால், டயர், பேட்டரி, பெல்ட்டோடு செயினும் இருக்கும். ஏஜென்ட் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று சொல்வதோடு விடாமல் அந்தப் பக்கத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள்.

உதிரிபாகம் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் ரோலர் இரண்டு மாதத்தில் கசிந்தால் வாரன்டி கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்தால் 50,000 ரூபாய்க்கு மேல், சரக்கோடு வர வேண்டிய இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 1 லட்சத்துக்கு மேல். லாரி செக்கிங்கில் நின்றுவிட்டால் உங்கள் வண்டியும் சும்மா நிற்கும்.

3. மண்ணைச் சாயங்காலமே எடுங்கள்

இந்த ஒரு வேலைக்குச் செலவு கிடையாது, நேரம் 20 நிமிடம். செய்யாதவர்கள்தான் அதிகம்.

காலையில் செய்துகொள்ளலாம் என்று ஆப்பரேட்டர் சொல்வார். சாயங்காலம் ஈரமாக இருக்கும் களிமண் காலையில் செங்கல் ஆகியிருக்கும். மேல் ரோலரைச் சுற்றி அது இறுகிவிட்டால், அடுத்த நாள் ரோலர் சுற்றாது. செயின் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். ஒரே வாரத்தில் உருளை ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஸ்பிராக்கெட் பல்லுக்கு இடையில் மண் கெட்டிப்பட்டால் இன்னும் மோசம்: ஸ்பிராக்கெட்டின் சுற்றளவு கூடியது போல ஆகி, நீங்கள் தொடாமலேயே செயின் இறுகும்.

வெட்டிச் சிறிதாக்கிய மண்வெட்டி ஒன்றும் ஒரு கடப்பாரையும் கேபினுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும். பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயினை முன்னும் பின்னும் ஓட்டினால் பாதி மண் தானே உதிரும். மீதியை என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். செயின் ஓடும்போது ஹெல்பர் கடப்பாரையோடு கிட்டே நிற்கிற பழக்கம் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதை அனுமதிக்காதீர்கள்.

ஏரி தூர்வாரும் வேலைக்குப் போனால் மண்ணைவிடப் பெரிய எதிரி மீன்வலையும் பழைய புடவைத் துணியும். ஸ்பிராக்கெட்டுக்கும் டிராவல் மோட்டாருக்கும் இடையில் சுற்றிக்கொண்டு, உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். ஒருமுறை ஒரு முழம் நைலான் கயிறு எனக்கு ஒரு சீல் வளையத்தையும் இரண்டு நாள் வேலையையும் தின்றது.

4. தொய்வை அளப்பது

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கண்ணால் பார்த்து லூஸ், டைட் என்று சொல்லக் கூடாது. அளவுகோல் வேண்டும். என் வண்டியின் மானுவல் சொல்லும் முறை இது:

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். மேல்பாகத்தை 90 டிகிரி திருப்பி, அளக்கப் போகும் செயினின் பக்கம் பக்கெட்டைக் கொண்டுவாருங்கள். பூமுக்கும் பக்கெட் மாட்டியிருக்கும் ஆர்முக்கும் இடையில் 90 முதல் 110 டிகிரி கோணம் இருக்கட்டும். பக்கெட்டின் பல்லை அல்ல, வளைந்த முதுகைத் தரையில் ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கியதும் வண்டியின் அடியில் கட்டை கொடுங்கள். இரண்டு நிமிட வேலைதானே என்று கட்டை இல்லாமல் கீழே போகாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் போதும்.

தூக்கிய செயினை முன்னும் பின்னும் சில சுற்று ஓட்டி மண்ணை உதிருங்கள். என்ஜினை நிறுத்துங்கள். இப்போது கீழ்ப்பக்கச் செயின் வயிறு தள்ளித் தொங்கும். நடுவில், ரோலர்கள் மாட்டியிருக்கும் சட்டமான டிராக் ஃபிரேமின் அடிவிளிம்பிலிருந்து பிளேட்டின் உள்முகம் வரை அளந்தால், என் வண்டிக்கு 300 முதல் 335 மி.மீ. வர வேண்டும். எண் கூடினால் லூஸ், குறைந்தால் டைட்.

எல்லாக் கம்பெனியும் இப்படி அளக்கச் சொல்வதில்லை. சிலர் வண்டி தரையில் நிற்கும்போதே ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே ஒரு நேர்க்கோலை வைத்து, கோலுக்கும் செயினுக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்வார்கள். அந்த முறையில் எண் சில பத்து மில்லிமீட்டர்தான் வரும். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறைக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

களிமண், ஏரி, வயல் வேலை என்றால் அளவின் லூஸான எல்லையிலேயே வையுங்கள்; மண் ஏறும்போது தானே இறுகும். ஜல்லி, பாறை என்றால் டைட்டான எல்லை பக்கம் கொண்டுவரலாம், அதுவும் அளவுக்குள்தான். நான் செய்த தப்பு இதுதான்: கல் குவாரியில் வைத்திருந்த இறுக்கத்தோடு வண்டியை அப்படியே ஏரிக்கு அனுப்பினேன். வேலை மாறினால் அளவும் மாற வேண்டும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? நான் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறேன். சேற்றில் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை.

5. இறுக்குவது, தளர்த்துவது

இறுக்குவது எளிது. டிராக் ஃபிரேமின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திறந்தால் கிரீஸ் நிப்பிள் தெரியும். கிரீஸ் கன்னால் அடித்தால் உள்ளே பிஸ்டன் ஐட்லரை முன்னால் தள்ளும். அடித்துவிட்டு செயினைச் சில சுற்று ஓட்டி மறுபடியும் அளக்க வேண்டும். அளக்காமல் “இன்னும் பத்து அடி” என்று அடிப்பதுதான் செயினைக் கொல்வது.

தளர்த்துவதில்தான் உயிருக்கு ஆபத்து. உள்ளே இருக்கும் கிரீஸ் கடும் அழுத்தத்தில் இருக்கிறது. நிப்பிள் பொருந்தியிருக்கும் வால்வைச் சட்டென்று திறந்தால் வால்வே குண்டு போலப் பறந்து வரும். கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆகவே:

வால்வுக்கு நேராக முகத்தையோ உடம்பையோ வைக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். சாக்கெட் போட்டு மெதுவாக ஒரு சுற்று, அதிகபட்சம் ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் திருப்ப எந்த அவசியமும் இல்லை. கிரீஸ் வராவிட்டால் வால்வை இன்னும் திறக்காதீர்கள். ஆள் விலகியபின் தூக்கிய செயினை மெல்லச் சுற்றினால் வரும். கிரீஸ் நிப்பிளை மட்டும் தனியாகக் கழற்றித் தளர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது.

கிரீஸ் அடித்த மறுநாளே செயின் லூஸாகிறது என்றால் ஐட்லரைத் தள்ளும் அட்ஜஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கும். சீல் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை வெல்டிங் பட்டறையில் கழற்ற விடாதீர்கள். அமுக்கி வைத்த அந்த ஸ்பிரிங் விடுபட்டால் எதிரில் இருப்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். அதற்கான பிரஸ் (அழுத்து இயந்திரம்) இருக்கும் இடத்தில்தான் அந்த வேலை.

6. வாரத்துக்கு ஒருமுறை, 250 மணிக்கு ஒருமுறை

பிளேட் போல்ட்: ஒரு பிளேட்டுக்கு 4 போல்ட். 49 பிளேட், இரண்டு பக்கம், ஆக 392 போல்ட். எல்லாவற்றையும் தினமும் இறுக்கச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை ஹெல்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகட்டும். லூஸான போல்ட்டின் சத்தம் தனியாகக் கேட்கும். ஒரு போல்ட் லூஸாக ஓடினால் துளை நீள்வட்டமாகும். அப்புறம் எத்தனை புதுப் போல்ட் போட்டாலும் நிற்காது, லிங்கையே மாற்ற வேண்டும்.

ரோலர்: செயினைத் தூக்கிச் சுற்றவிட்டு, எது சுற்றவில்லை என்று தள்ளி நின்று பாருங்கள். ஓரத்தில் எண்ணெய்ப் பசையோடு புழுதி ஒட்டியிருந்தால் சீல் போகிறது என்று அர்த்தம். அந்த ஒரு ரோலரை உடனே மாற்றியபோது நான் கொடுத்தது 8,500 ரூபாய். விட்டுவைத்தால் அது தேய்ந்து, எடை பக்கத்து ரோலர்கள்மேல் ஏறும்.

பின் மூட்டு: ஓடும்போது ஒரு இடத்தில் மட்டும் கிறீச் என்று சத்தம் வந்து, அங்கே செந்துரு தெரிந்தால் அந்த மூட்டில் கிரீஸ் வற்றிவிட்டது. வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. புழுதி ஒட்டி இன்னும் வேகமாகத் தேயும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிராவல் மோட்டார் கியர் ஆயில்: என் மானுவலில் 250 மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், 2,000 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டிரெயின் பிளக் அடியில் வரும்படி வண்டியை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, மேல் பிளக்கை முதலில் மெதுவாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள். லெவல் பிளக்கின் துளை விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். இது பலர் மறக்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதுதான் காரணம். மறந்தால் வரும் பில், செயின் பில்லைச் சாதாரணமாக்கிவிடும்.

7. ஆப்பரேட்டரிடம் சொல்ல வேண்டியவை

பேட்டாவைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, கீழே உள்ளவற்றைக் கறாராகச் சொல்லுங்கள்.

தோண்டும்போது ஸ்பிராக்கெட் பின்னால் இருக்கட்டும். முன்னால் ஐட்லரும் ஸ்பிரிங்கும் இருந்தால் அடி அவற்றில் இறங்கும். திருப்பி வைத்துத் தோண்டினால் டிராவல் மோட்டார் அடி வாங்கும். நின்ற இடத்திலேயே ஒரு செயினை முன்னும் மற்றதைப் பின்னுமாக ஓட்டித் திரும்புவது பார்க்க அழகு, கல் தரையில் பிளேட்டும் பின்னும் முறுக்கு வாங்கும். கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து திரும்பச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு செயின் மட்டும் தேயும். நீண்ட தூரம் பின்னோக்கி வேகமாக ஓட்டுவது புஷ்ஷையும் ஸ்பிராக்கெட்டையும் தின்னும். திரும்பி நின்று முன்னோக்கி வரட்டும்.

அடுத்த வேலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் வண்டியை ஏற்றிச் செல்லும் லோபெட் லாரியின் வாடகையை மிச்சம் பிடிக்க ஓட்டியே போகத் தோன்றும். நானும் போயிருக்கிறேன். ரோலர்கள் கொதித்தன. அதோடு தார் ரோட்டைக் கீறியதற்கு ஊர்க்காரர்கள் வண்டியை மறித்து நிறுத்தினார்கள். லோபெட்டே மலிவு.

8. செயின் கழன்றுவிட்டால்

பதறாதீர்கள். முக்கியமாக, கழன்ற செயினோடு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்பிராக்கெட் லிங்கைக் கடித்து உடைக்கும்.

பக்கெட்டை ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுங்கள். மண்ணை முழுக்க எடுங்கள். வால்வைத் தளர்த்தி, ஐட்லரைப் பின்னால் தள்ளுங்கள். கடப்பாரையால் செயினை முதலில் ஸ்பிராக்கெட் பல்லில் சரியாக உட்கார வையுங்கள், பிறகு ஐட்லர் பக்கம். எல்லோரும் விலகிய பிறகு ஆப்பரேட்டர் மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். கை காட்ட ஒரே ஒரு ஆள். நாலு பேர் கத்தினால் விரல் போகும். பழகிய ஆட்கள் இருந்தால் இரண்டு மணி நேரம். எங்களுக்கு முதல்முறை, ஏரிக்குள், இரவில், ஆறு மணி நேரம் ஆனது. விடியும்வரை காத்திருந்திருக்கலாம்.

மாட்டிய பிறகு ஏன் கழன்றது என்று பாருங்கள். லூஸா, ஐட்லர் விளிம்பு தேய்ந்ததா, அல்லது சரிவில் குறுக்காக ஓட்டினாரா?

9. எப்போது திருப்புவது, எப்போது மாற்றுவது

செயினை இழுத்து நேராக வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து ஐந்தாவது பின்னின் நடு வரை, அதாவது நான்கு லிங்க் நீளம் அளங்கள். செயினைக் கழற்றி மாட்டும் மாஸ்டர் பின் அதற்குள் வரக் கூடாது. 20 டன் வண்டிகளில் பரவலாக இருக்கும் 190 மி.மீ. பிட்ச் (ஒரு லிங்கின் நீளம்) செயின் புதிதாக இருந்தால் 760 மி.மீ. வரும். 772 பக்கம் வந்துவிட்டால், லிங்குக்கு 3 மி.மீ. நீண்டுவிட்டது, ஆட்டம் முடியும் கட்டம். மானுவலில் உங்கள் செயினின் எல்லை இருக்கும்.

அந்த எல்லையைத் தொடும் முன்பே பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டால், தேயாத பக்கம் வேலைக்கு வரும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய்க்குள் எனக்கு ஆனது; லோபெட் வாடகை தனி. புஷ்ஷில் ஓட்டை விழும்வரை ஓட்டிவிட்டால் திருப்ப ஒன்றும் மிஞ்சாது. நான் முதல் செயினில் தவறவிட்டது இந்த வாய்ப்பைத்தான்.

புதுச் செயின் போட்டால் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல் கத்தி போலக் கூர்ந்த பழைய ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால், புது புஷ் பழைய பல்லின் அளவுக்குத் தேயும். கடைக்காரர் “இன்னும் ஆயிரம் மணி ஓடும்” என்று தட்டிக் காட்டுவார். கேட்காதீர்கள். இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கு நான் கொடுத்தது 26,000. செயின் ஜோடிக்கு 2,60,000. இரண்டுக்கும் மேலே ஜி.எஸ்.டி. போல்ட்டும் நட்டும் புதிதாகவே போடுங்கள். செட் 60 ரூபாய் என்று வைத்தாலும் 23,520 ஆகிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் கொட்டேஷன் கொடுப்பார்கள், கடைசியில் பில்லில் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி மழையில் வண்டி நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைப்பதால் அப்போது பிரஸ் பட்டறையில் வரிசை நிற்கும். செப்டம்பரிலேயே அளந்து, நாள் வாங்கிவிடுங்கள். பட்டறை வேலை மூன்று நாள் என்பார்கள், ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேறு வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும். முதல் 50 மணி நேரம் ஆனதும் 392 போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மானுவல் அளவுக்கு மறுபடி இறுக்கி, தொய்வை அளந்து, ஹவர் மீட்டர் எண்ணோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.